பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்கள்: நிலையை எப்படிப் பார்ப்பது, என்ன விலை சொல்வது?

#1 காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாமா மயிலாடுதுறையில் ரொம்ப காலம் வாடகை நூலகம் நடத்தினார். கடையை மூடிய பிறகு புத்தகங்கள் மாடி அறைக்கு வந்துவிட்டன. மாத நாவல்களை அப்போதே எடைக்குப் போட்டாயிற்று. காமிக்ஸ் மட்டும் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது. எழுபதுகளில் வந்த முத்து காமிக்ஸ் கொஞ்சம், 84, 85 வருட லயன் காமிக்ஸ், நிறைய ராணி காமிக்ஸ், சில ஆங்கில இந்திரஜால். அப்புறம் காலிகோ துணி போட்டு பைண்டு செய்த தொகுப்பு இரண்டு, ஒவ்வொன்றிலும் பத்து இதழாவது இருக்கும்.

போன வாரம் பழைய புத்தக வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மொத்தத்துக்கும் ஆறாயிரம் தருகிறேன் என்றார். மாமா இப்போது இல்லை. வருகிற பணம் முழுக்க அத்தைக்குத்தான் போகும், அதனால் குறைத்துக் கொடுத்துவிடக் கூடாது என்று பார்க்கிறேன். எனக்கு காமிக்ஸ் படித்த பழக்கம் உண்டு, சேகரிப்பு பற்றி எதுவும் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும், எப்படி விலை சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் வழிகாட்டுங்கள்.

#2 தாள்மணம்

வாங்கம்மா. தலையாட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே நல்லது.

முதல் வேலை, புத்தகங்களை எதுவும் செய்யாமல் விடுவது. ஈரத்துணியால் அட்டையைத் துடைப்பது, செலோடேப்பை உரிப்பது, துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடிப்பது, மடிந்த மூலையை இஸ்திரி போடுவது, ஓரத்தை வெட்டிச் சீராக்குவது... விற்கிற முன் நல்லெண்ணத்தோடுதான் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கிற வேலை. வாங்குகிறவருக்குக் காலம் செய்த சேதம் தெரியும், அதை மன்னிப்பார். போன வாரம் வீட்டில் செய்த சேதத்தை மன்னிக்க மாட்டார்.

அடுத்து, பக்கங்களை எண்ணுங்கள். என்னைப் பொறுத்தவரை தமிழ் காமிக்ஸில் ‘நிலை’ என்றால் முழுமைதான் முதலிடம். அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே ஒரு தாள் போயிருந்தால் அது சேகரிப்பாளருக்கு உதவாது. நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் வரும். முன்பாதியில் ஒரு தாள் கிழிந்திருந்தால், அதன் மறுபாதி பின்பக்கத்தில் எங்கோ பிடிமானமில்லாமல் நிற்கும், அல்லது அதுவும் விழுந்து போயிருக்கும். ஆகவே ஒரு பக்கம் காணோம் என்று தெரிந்தால் எதிர்ப்பாதியில் அதன் ஜோடியையும் தேடுங்கள். நடுத்தாளைத் தனியாகப் பாருங்கள். பின் துருப்பிடித்தால் முதலில் கழல்வது அதுதான், வாடகை நூலகப் பிரதிகளில் அதிகம் தொலைவதும் அதுதான். கதை முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் வருகிற வாசகர் கடிதம், ‘அடுத்த இதழ்’ விளம்பரம், போட்டிக் கூப்பன் எல்லாம் புத்தகத்தின் பகுதிதான். கூப்பனைக் கத்தரித்து அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி முழுமையானது இல்லை.

அப்புறம் அட்டை. முன்னட்டை இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள், பின்னட்டையை மறந்துவிடுவார்கள். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி சாய்த்துப் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாத மடிப்புக் கோடெல்லாம் அப்போது தெரியும். முதுகில் மேலும் கீழும் பிளந்திருக்கிறதா, பின் இருக்கிற இடத்தில் அட்டை கிழிந்து தனியாக வந்துவிட்டதா, சிவப்பும் மஞ்சளும் வெளுத்து நீலம் மட்டும் தூக்கலாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். நீலம் மட்டும் நிற்கிறது என்றால் கடை வாசலில் வெயிலில் தொங்கிய பிரதி.

ஒவ்வொரு இதழுக்கும் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

#3 ஈரோடு வாசகர்

தாள்மணம் ஐயா சொன்னதோடு, எதை முதலில் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து 1972-ல் ஆரம்பித்தது, முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு தொடங்கியது. அதே 84 ஜூலையில்தான் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது, முதல் இதழ் ஜேம்ஸ்பாண்ட் கதையான ‘அழகியைத் தேடி’. இந்திரஜால் காமிக்ஸ் 1964 மார்ச்சில் வேதாளர் (ஃபேன்டம்) கதையோடு தொடங்கி 1990 வரை ஓடியது. எந்த வரிசையானாலும் ஆரம்ப இதழ்களுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. அவை இருந்தால் தனியாக எடுங்கள். லயனின் கோடை மலர், தீபாவளி மலர் மாதிரி சிறப்பிதழ்களையும் பிரித்து வையுங்கள்.

ராணி காமிக்ஸ் பெட்டிக்கடை வரைக்கும் போன இதழ், 2005 வரை வந்தது. அதனால் நடுவில் வந்த சாதாரண இதழ்கள் இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நல்ல அட்டையோடு இருக்கிற ராணி காமிக்ஸ் வேறு கதை. ஊரெல்லாம் கைமாறிக் கிழிந்த இதழ் அது, சுத்தமான பிரதி குறைவு.

#4 காவிரிக்கரை

நன்றி. நேற்று உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தேன். லயன் முதல் இதழ் இருக்கிறது! நீங்கள் சொன்ன மாதிரி எழுதி வைத்தேன், அப்படியே தருகிறேன்.

முன்னட்டை, பின்னட்டை இரண்டும் இருக்கின்றன. முதுகில் கீழ்ப்பக்கம் ஒரு அங்குலம் அளவுக்குப் பிளந்து, அதன் மேல் செலோடேப் ஒட்டியிருக்கிறது. டேப் பழுப்பாகிவிட்டது. முன்னட்டையின் வலது மேல்மூலையில் மடிப்பு, அந்த இடத்தில் நிறம் போய் வெள்ளை தெரிகிறது. உள்ளே முதல் பக்கத்தில் நூலக முத்திரை, நடுவில் ஒரு பக்கத்தில் மறுபடி முத்திரை. பின் இரண்டும் துரு, சுற்றி ஆரஞ்சு நிறக் கறை. நடுத்தாள் ஒரு பின்னிலிருந்து விடுபட்டிருக்கிறது, ஆனால் இருக்கிறது. பக்க எண் வரிசையாக வருகிறது, ஒன்றும் குறையவில்லை. தாள் ஓரம் பழுப்பு, மடக்கிப் பார்த்தால் பொடியவில்லை. பூச்சி ஓட்டை இல்லை. அட்டைக்குள் பக்கம் பேனாவில் ‘வாடகை 25 காசு’ என்று மாமாவின் கையெழுத்து.

இது என்ன நிலை? நல்ல நிலையா, சுமாரா?

#5 தாள்மணம்

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு பத்தியை அப்படியே போட்டு, நாலு படம் சேர்த்தால் யாரும் உங்களோடு விலைக்காகச் சண்டைக்கு வர மாட்டார்கள்.

என் கணக்கில் இது ‘முழுமையான பிரதி, சுமாரான நிலை’. பிளந்த முதுகும் டேப்பும்தான் இதன் பெரிய குறை. டேப்பின் பசை தாளுக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகிவிட்டது. உரித்தாலும் கறை போகாது, அட்டையின் மேல்தோல்தான் வரும். முத்திரையை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. 1984-ல் வந்த லயன் இதழ் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்றால், பாதிக்குப் பாதி ஏதோ ஒரு வாடகை நூலகத்துக்காரர் அதை ஜாக்கிரதையாக வைத்திருந்ததால்தான். பொழுதுபோக்குக்கு வாங்கிய வீடுகளில் அவை என்றோ எடைக்குப் போய்விட்டன. முத்திரை படத்தின் மேல் விழுந்திருந்தால் மட்டும் கொஞ்சம் குறையும்.

வாடகை எழுதிய கையெழுத்தை ரப்பர் வைத்து அழிக்க முயல வேண்டாம்.

#6 சிங்கை வாசகன்

நான் பெரும்பாலும் அமெரிக்க காமிக்ஸ் சேகரிப்பவன். அங்கே இதற்கெல்லாம் ஒரு தெளிவான அளவுகோல் இருக்கிறது. 0.5-ல் தொடங்கி 10 வரை எண். 9.8 என்றால் அச்சகத்திலிருந்து நேரே வந்த மாதிரி, 8.0 என்றால் மிக நன்று, 4.0 சுமாருக்கு மேல், 2.0 என்றால் அடிபட்டது ஆனால் முழுசு. 2000-லிருந்து சி.ஜி.சி. என்ற நிறுவனம் புத்தகத்தை வாங்கிப் பரிசோதித்து, எண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிட்டுத் தருகிறது. 1938-ல் பத்து சென்ட்டுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் 8.5 பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அரைப் புள்ளி கூடினாலே விலை தாவும். அங்கே எண்தான் எல்லாம்.

காவிரிக்கரை சொன்ன லயன் முதல் இதழை அந்த அளவுகோலில் வைத்தால் 2.5 பக்கம் வரும் என்று நினைக்கிறேன். டேப் இல்லாவிட்டால் 3.0 போகலாம்.

தாள்மணம் சார் கூப்பன் பற்றிச் சொன்னாரே, அங்கேயும் அப்படித்தான். 1974 நவம்பர் தேதியிட்ட ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ 181-ம் இதழில்தான் வுல்வரின் முதல்முறையாக முழுசாக வருகிறார். அந்தக் காலத்தில் மார்வெல் இதழ்களில் வெட்டி ஒட்டுகிற மாதிரி சின்ன ஸ்டாம்ப் படம் அச்சிடுவார்கள். பிள்ளைகள் வெட்டி ஆல்பத்தில் ஒட்டினார்கள். இன்று அந்த ஸ்டாம்ப் இல்லாத 181-க்கும் இருக்கிற 181-க்கும் நடுவில் பெரிய விலை வித்தியாசம். அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

இந்த முதல் இதழை சி.ஜி.சி.க்கு அனுப்பி எண் வாங்கினால் விலை கூடாதா?

#7 ஈரோடு வாசகர்

விலை கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா வரை அனுப்பி, கட்டணம் கட்டி, திரும்ப வரவழைக்கிற செலவை யார் தருவார்? அங்கே ஒரே இதழின் பிரதிகள் எண் எண்ணாகப் பிரித்து விற்றுப் பதிவாகியிருக்கின்றன, அதனால் 6.0-க்கும் 6.5-க்கும் என்ன வித்தியாசம் என்று பணத்தில் சொல்ல முடிகிறது. நம் இதழ்களுக்கு அப்படி ஒரு பதிவே இல்லை. எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று, ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வருகிற நம் ஆட்களைப் பாருங்கள். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் திறந்து முதல் பக்கத்தைப் படிப்பார்கள், வாசகர் கடிதத்தில் தெரிந்த பேர் இருக்கிறதா என்று தேடுவார்கள். திறக்க முடியாத உறையில் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு அதில் பாதி சந்தோஷம் போய்விடும். அளவுகோலைக் கடன் வாங்கலாம், உறை வேண்டாம்.

#8 மாயாவி ரசிகன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதே தலைப்பில்தான் எனக்கும் கேள்வி. இணையத்தில் ஒருவர் ‘இரும்புக்கை மாயாவி, 1972, முதல் இதழ், ஒரிஜினல்’ என்று விற்பனைக்குப் போட்டிருக்கிறார். பெரிய தொகை கேட்கிறார். அட்டை, இரண்டு உள்பக்கம், முகவரி இருக்கிற பக்கம் என்று நாலு படம் அனுப்பினார். அந்தக் கதை பலமுறை மறுபதிப்பாகிவிட்டது. இது அசல்தானா என்று படத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

#9 அச்சுக்கூடம்

நான் அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன், இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முகவரிப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஆறு இலக்க பின்கோடு நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. 1972 தொடக்கத்தில் அடித்த புத்தகத்தில் சிவகாசிக்கு 626-ல் தொடங்குகிற எண் இருக்கவே முடியாது. அதே மாதிரி மாவட்டப் பெயர். சிவகாசி அப்போது ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல்தான் காமராஜர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது, 1997-ல் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. ஆகவே அட்டை கிழிந்து தலைப்பே தெரியாத ஒரு புத்தகத்தில், எங்கோ ஒரு விளம்பரத்தில் ‘காமராஜர் மாவட்டம்’ என்று இருந்தால் அது ஏறக்குறைய 85-க்கும் 97-க்கும் நடுவில் வந்தது என்று சொல்லிவிடலாம். அம்மா, உங்கள் பெட்டியில் அட்டையில்லாத இதழ்கள் இருந்தால் இதைப் பாருங்கள். மயிலாடுதுறை முத்திரையில் ‘தஞ்சாவூர் மாவட்டம்’ என்று இருந்தாலும் ஒரு தகவல்தான், ஏனென்றால் மயிலாடுதுறையையும் சேர்த்து நாகப்பட்டினம் மாவட்டம் 1991-ல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது. ஆனால் கடைக்காரர்கள் பழைய ரப்பர் ஸ்டாம்பை வருஷக்கணக்கில் வைத்து அடிப்பார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது எழுத்து. ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’ என்ற எழுத்துகளுக்கு முன்பு தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்பு இருந்தது. ‘றா’, ‘னா’, ‘ணா’ எல்லாம் ஒட்டிச் சுழித்த வடிவம். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்ட பிறகுதான் இன்றைய வடிவம் பொதுவாகப் பரவியது. பெரியாருடைய ‘விடுதலை’ அதற்கு ரொம்ப வருஷம் முன்பே புது எழுத்தில் வந்தது, அது தனி. ஒரு சிவகாசி காமிக்ஸ் 72-ல் புது ‘லை’யோடு வந்திருக்கிறது என்றால் நான் நம்ப மாட்டேன். தலைகீழாக இதைப் பயன்படுத்தக் கூடாது. பழைய எழுத்து இருப்பதாலேயே 78-க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. ஈய எழுத்து விலை கொடுத்து வாங்கியது, ஆணை வந்த மறுநாளே யாரும் தூக்கிப் போடவில்லை. பல அச்சகங்களில் எண்பதுகளிலும் அந்தக் கொம்பு ‘லை’ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாவது மை. அச்சுக்கோத்து அடித்த பக்கமானால் பின்பக்கம் விரலால் மெல்லத் தடவினால் எழுத்தின் அழுத்தம் தட்டுப்படும். ஆஃப்செட்டில் அது இருக்காது, ஆனால் இரண்டிலும் மை தாளுக்குள் இறங்கியிருக்கும். லேசர் பிரிண்டில் பொடி தாளின் மேலே உட்கார்ந்திருக்கும். சாய்த்துப் பார்த்தால் கறுப்பு மினுங்கும், மடிப்பு விழுகிற இடத்தில் செதில் செதிலாக உதிரும். வண்ண அட்டையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆஃப்செட் என்றால் புள்ளிகள் சீரான வரிசையில் பூப்போலச் சேர்ந்து தெரியும். இங்க்ஜெட்டில் ஒழுங்கில்லாமல் தூவியிருக்கும். அசலை ஸ்கேன் செய்து மறுபடி அடித்தால் பழைய புள்ளியின் மேல் புதுப் புள்ளி விழுந்து அலையலையாக ஒரு கோலம் வரும்.

கடைசியாகத் தாளின் நிறம். நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் அடிக்கிற மலிவுத் தாள், காற்றும் வெளிச்சமும் படுகிற ஓரத்திலிருந்து உள்ளே நோக்கிப் பழுக்கும். ஓரம் கரும்பழுப்பு, நடு கொஞ்சம் வெளுப்பு, இதுதான் இயற்கை. டீ டிகாக்‌ஷனில் நனைத்துப் பழசாக்கினால் ஒரே சீராக எல்லா இடமும் ஒரு நிறமாக இருக்கும்.

#10 சிங்கை வாசகன்

அருமை ஐயா. இதோடு அளவையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் சொன்ன ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழை 1974-ல் அதன் பதிப்பாளரான டிசி நிறுவனமே பெரிய அளவில் மறுபதிப்பாக வெளியிட்டது. அதன் வெளியுறையைக் கழற்றிவிட்டால் உள்ளட்டை அசல் மாதிரியே இருக்கும். இன்றும் பலர் அதை வைத்துக்கொண்டு கோடீஸ்வரர் ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் விஷயம் முடிந்தது, அசலைவிட அது ரொம்பப் பெரியது. படம் அனுப்புகிறவரிடம் புத்தகத்தின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

#11 மாயாவி ரசிகன்

முகவரிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு இலக்க பின்கோடு தெளிவாக இருக்கிறது. உள்பக்கத்தில் ‘தலைவர்’ என்ற சொல்லில் புது ‘லை’. அட்டையைச் சாய்த்து எடுத்த படம் கேட்டேன், அதற்கு அப்புறம் பதில் வரவில்லை. பணம் அனுப்பாமல் தப்பித்தேன். அச்சுக்கூடம் ஐயாவுக்கு ரொம்ப நன்றி.

#12 கறுப்புவெள்ளை

காவிரிக்கரை, அந்த பைண்டு தொகுப்பு இரண்டையும் பிரித்து இதழ் இதழாக விற்றால்தான் காசு. நல்ல பைண்டரிடம் கொடுத்தால் நூலை அறுத்துத் தனித்தனியாக எடுத்துத் தந்துவிடுவார். அட்டைக்கு லேமினேஷன் போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும், இன்னும் ஐம்பது வருஷம் வரும்.

#13 தாள்மணம்

இதில் எனக்குக் கடுமையான மாற்றுக்கருத்து உண்டு, நண்பரே.

நம் ஊரில் பைண்டு செய்யும்போது என்ன நடக்கும்? பத்து இதழை அடுக்கி, பின்னை எடுத்துவிட்டு, முதுகோரமாகத் துளை போட்டுத் தைப்பார்கள். பிறகு மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்துச் சீராக்குவார்கள். அதில் ஓரத்துப் படமும் பக்க எண்ணும் கொஞ்சம் போயிருக்கும். பல நேரம் அட்டைகளையே எடுத்து எறிந்துவிடுவார்கள், தடிமன் குறையட்டும் என்று. முதுகில் வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றியிருப்பார்கள். அதைப் பிரித்தால் கிடைப்பது பத்துத் தனி இதழ் இல்லை. ஓரம் வெட்டுப்பட்டு, முதுகில் துளை விழுந்து, பசை ஒட்டி, பின் இல்லாத பத்துத் தாள்கட்டு. தொகுப்பாக இருக்கும்போதாவது அது வரிசையாகப் படிக்கக் கிடைக்கிற ஒரு நல்ல புத்தகம், அதற்கென்று வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அட்டைகள் உள்ளே இருந்தால் விலை இன்னும் நன்றாக இருக்கும்.

லேமினேஷன் ஒருபோதும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது. உள்ளே தாள் பழுத்துக்கொண்டேதான் இருக்கும். லேமினேட் செய்த பழைய அட்டையைப் பார்த்தாலே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

#14 கறுப்புவெள்ளை

ஓரம் வெட்டாத தொகுப்பும் உண்டே? சில பேர் வெறும் தையல் மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

#15 தாள்மணம்

உண்டு. பக்கங்களின் ஓரம் ஏற்ற இறக்கமாக இருந்தால் வெட்டவில்லை என்று அர்த்தம். அப்போதும் விற்கிறவர் பிரிக்கக் கூடாது. அப்படியே விற்கட்டும், வாங்குகிறவர் தன் பொறுப்பில் முடிவு செய்துகொள்ளட்டும்.

#16 காவிரிக்கரை

தொகுப்பில் ஒன்றில் அட்டைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, ஓரம் வெட்டியிருக்கிறது. இன்னொன்றில் அட்டை இல்லை. பிரிக்கவில்லை, அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த வியாபாரி இன்று மறுபடி போன் செய்தார். “எல்லாக் கதையும் இப்போது மறுபதிப்பு வந்தாச்சும்மா, பழசை யார் வாங்குவா, நான் கேக்கறதே அதிகம்” என்றார். அது உண்மையா?

#17 ஈரோடு வாசகர்

பாதி உண்மை. கதைக்காக மட்டும் தேடுகிறவர்கள் மறுபதிப்பு வந்ததும் ஒதுங்கிவிடுவார்கள். இதற்கு நம்மிடமே பெரிய உதாரணம் ‘இரத்தப் படலம்’. 2010-ல் லயன் ஒரே குண்டு புத்தகமாக 200 ரூபாய்க்குப் போட்டார்கள். தீர்ந்துபோன பிறகு வெளியில் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. 2018-ல் வண்ணத்தில் மறுபதிப்பு வந்த பின், கதையைப் படித்தால் போதும் என்றிருந்தவர்களுக்கு அந்த விலை கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

ஆனால் முதல் இதழ்களைத் தேடுகிறவர் கதைக்காகத் தேடவில்லை. 84 ஜூலையில் கடைக்கு வந்த அந்தத் தாள்தான் அவருக்கு வேண்டும், அதிலிருந்த விளம்பரமும் அறிவிப்பும் வேண்டும். மறுபதிப்பில் அவை வராது. சொல்லப்போனால் மறுபதிப்பைப் படித்துவிட்டு அசலைத் தேடத் தொடங்கியவர்களும் நம்மில் இருக்கிறார்கள். ஆகவே ராணி காமிக்ஸ் நடு இதழ்களுக்கு அவர் சொல்வதை ஏற்கலாம். லயன் முதல் இதழுக்கும் முத்துவின் எழுபதுகளின் இதழ்களுக்கும் ஏற்க வேண்டாம்.

#18 தாள்மணம்

விலையைப் பற்றி இப்போது பேசலாம். யாராவது ஒரு எண்ணைச் சொல்லுங்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நம் இதழ்களுக்கு அச்சிட்ட விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் 1970-லிருந்து ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு வருகிறது, நமக்கு அப்படி ஒன்று இல்லை. இணையத்தில் நீங்கள் பார்க்கிற பெரிய பெரிய தொகையெல்லாம் கேட்கிற விலை. ஒரே இதழ் ஒரே விலையில் மாதக்கணக்கில் விற்காமல் நிற்பதைப் பார்த்தால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கை மாறிய விலை மட்டும்தான் விலை. அதைத் தெரிந்துகொள்ள, போன வருஷம் அந்த இதழை வாங்கியவர்களிடமே கேட்க வேண்டும். சேகரிப்பாளர் குழுக்களில் கேட்டால் தனிச்செய்தியில் சொல்வார்கள்.

நான் செய்வதானால் இப்படிச் செய்வேன். மொத்தமாக விற்கவே மாட்டேன். மொத்தமாகக் கேட்கிறவர் நல்ல நாலு இதழுக்காகத்தான் கேட்கிறார், மீதி எல்லாம் அவருக்குச் சுமை. லயன் முதல் இதழ், எழுபதுகளின் முத்து, சிறப்பிதழ்கள், இவற்றைத் தனித்தனியாக, நீங்கள் எழுதிய மாதிரி குறைகளை எல்லாம் சொல்லி, படத்தோடு குழுவில் போட்டு ஒரு கடைசித் தேதி வைத்து, யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்கு என்று சொல்லிவிடலாம். குறைந்தபட்ச விலை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியில் சொல்ல வேண்டாம். ராணி காமிக்ஸை வருஷவாரியாகக் கட்டுக்கட்டாக விற்கலாம், விடுபட்ட எண்களை நிரப்பத் தேடுகிறவர்கள் வாங்குவார்கள். பக்கம் குறைந்த இதழ்களையும் எறிய வேண்டாம். நடுத்தாள் தொலைத்தவருக்கு உங்கள் அட்டையில்லாத பிரதியின் நடுத்தாள் வேண்டியிருக்கும். ஆனால் இரண்டு பிரதியைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தால் அதை விற்கும்போது கட்டாயம் சொல்ல வேண்டும்.

குறையைச் சொன்னால் விலை குறையுமே என்று பயப்படாதீர்கள். இது சின்ன வட்டம். ஒருவர் ஒளிக்காமல் சொல்லி விற்கிறார் என்று தெரிந்தால் அவருடைய அடுத்த இதழுக்கு ஆள் காத்திருக்கும்.

#19 காவிரிக்கரை

அத்தையிடம் பேசிவிட்டேன். மொத்தமாகக் கொடுப்பதில்லை என்று முடிவு. வியாபாரியிடமும் சொல்லியாயிற்று. ராணி காமிக்ஸ் கட்டுகளை மட்டும் நல்ல விலை சொன்னால் அவருக்கே தருகிறேன் என்று சொன்னேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். லயன் முதல் இதழை வருகிற மாதம் குழுவில் போடுகிறேன். கையெழுத்து இருக்கிற பக்கத்தையும் படம் எடுத்துப் போடுவேன்.

அதுவரை எங்கே வைப்பது? மாடி அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அத்தை அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைக்கலாம் என்கிறார்.

#20 அச்சுக்கூடம்

மாடியிலிருந்து முதலில் கீழே கொண்டு வாருங்கள். வெயில் சூடும் மழை ஈரமும் மாறி மாறித் தாக்குகிற இடம் தாளுக்கு ஆகாது. கீழ் அறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் வையுங்கள். அந்துருண்டை தாளில் நேரே படக் கூடாது, வாசனையும் வருஷக்கணக்கில் போகாது. வாங்குகிறவர் முகம் சுளிப்பார். ராமபாணப் பூச்சி பயமிருந்தால் மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்தாலே போதும். கரையான் இருக்கிற வீடானால் மர அலமாரி வேண்டாம், இரும்பு அலமாரி.

பூஞ்சணம் பிடித்த இதழ் எதுவும் இருந்தால் அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக ஒரு கவரில் போடுங்கள். சாதாரண பி.வி.சி. கவர் அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும், பாலிப்ரொப்பிலீன் கவர் கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒரு தடித்த வெள்ளை அட்டை வைத்தால் மூலை மடியாது. லயன் முதல் இதழை இன்றைக்கே அப்படிப் போட்டுவிடுங்கள், மற்றதை மெதுவாகப் பார்க்கலாம்.